அவர்கள் முகத்தை விற்று நாங்கள் சாப்பிட மாட்டோம்: மிஷன் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மிஷன் கமிட்டியின் தலைவர், செயலர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும், எங்களைத் தாங்கிவரும் சபைகளின் பெரியவர்களுக்கும்,

ஜனவரியில் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை நானும் என் கணவரும் மூன்று முறை வாசித்தோம். ஏப்ரல் முதல் வெளிநாட்டுப் பணித்தளங்களில் இருக்கும் மிஷனரி குடும்பங்களுக்கு மாதப் படியில் பாதிதான் பொது நிதியிலிருந்து வரும் என்கிறீர்கள். மீதிப் பாதிக்கு அந்தந்தக் குடும்பமே தாங்குபவர்களை, அதாவது மாதந்தோறும் பணம் கொடுத்து உதவுகிறவர்களை, தேடிக்கொள்ள வேண்டும். தாங்குபவர்களுக்கு அனுப்புவதற்காக மாதந்தோறும் புது விசுவாசிகளின் படம், பெயர், ஊர், எண்ணிக்கை ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் தர வேண்டும். இரண்டு வருடம் தொடர்ந்து ஞானஸ்நானம் நடக்காத பணித்தளம் மறுபரிசீலனைக்கு வரும்.

என் கணவர் இரண்டு கடிதம் எழுதினார். பதில் இல்லை. அதனால் இந்த முறை நான் எழுதுகிறேன், எல்லாரும் வாசிக்கும்படியாகவே எழுதுகிறேன். பொது நிதி என்பது சபையாரின் பணம். அந்தப் பணம் இனி எதற்கு ஈடாகக் கேட்கப்படுகிறது என்பது கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டும். என் பெயரையும் நாங்கள் இருக்கும் ஊரையும் இதில் எழுதவில்லை. அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

நாங்கள் நேபாளத்துக்கு வந்தது 2011 ஜூனில். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து ரப்திசாகரில் இரண்டு ராத்திரிக்கு மேல் கோரக்பூர், பிறகு பஸ்ஸில் சோனவ்லி எல்லை, பைரஹவா, புட்வல், அதற்குமேல் மலை. கையில் இரண்டு வயது மகன். அப்போது ஒரு நேபாளி வார்த்தை தெரியாது. இன்று என் மகள் தூக்கத்தில் உளறினால் நேபாளியில்தான் உளறுகிறாள்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுற்றறிக்கையில் கணக்கு இல்லை. எங்கள் குடும்பத்துக்கு மாதப் படி 19,000 ரூபாய். அது திருநெல்வேலியில் எங்கள் வங்கிக் கணக்கில் ஏறும். அதில் 6,000 ரூபாய் பிள்ளைகள் இருவரின் விடுதிக்கும் பள்ளிக்கும் அங்கேயே போய்விடும். மீதி 13,000. இங்கே இந்தியப் பணத்தை ஐ.சி. என்றும் நேபாளப் பணத்தை என்.சி. என்றும் சொல்வார்கள். நூறு ஐ.சி. என்றால் நூற்றறுபது என்.சி., 1993 முதல் மாறாத விகிதம். ஆக எங்கள் கையில் இருப்பது 20,800 என்.சி. வீட்டு வாடகை 7,000. கேஸ் சிலிண்டர் 1,900-ஐ ஒட்டி. அரிசி, பருப்பு, எண்ணெய் ஆறாயிரத்தைத் தொடும். மிஞ்சுகிற ஆறாயிரத்துக்குள்தான் பஸ் கட்டணம், மருந்து, போன், வீட்டுக்கு வருகிறவர்களுக்கு டீ, வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும் ரயில் செலவுக்கான சேமிப்பு. இங்கே வீட்டுக்கு ஆள் வராத நாள் கிடையாது. வந்தவருக்கு டீ கொடுக்காமல் அனுப்பினால் அடுத்த நாள் அவர் வரமாட்டார்.

இதில் பாதி என்றால் 9,500. பிள்ளைகளுக்குக் கட்டியதுபோக 3,500. அதாவது 5,600 என்.சி. வீட்டு வாடகைக்கே பற்றாது. இந்தக் கணக்கை உங்களில் யாராவது ஒருவர் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தாலும் இந்தச் சுற்றறிக்கை எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது என்று நம்புகிறேன்.

பணம் எடுப்பதே ஒரு பயணம். பெரும்பாலும் என் கணவர் எல்லை தாண்டி நவ்தன்வாவுக்குப் போய் ஏ.டி.எம்.மில் எடுத்து மாற்றிக்கொண்டு வருவார். போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள். 2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்த ராத்திரி எங்கள் வீட்டில் ஏழு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. இந்தப் பக்கம் எந்த வங்கியும் வாங்கவில்லை. என் கணவருக்கு அப்போது டைபாய்டு. எழுந்து நிற்க முடியாதவர் எல்லைக்கு எப்படிப் போவார்? அந்த ஏழு நோட்டும் இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கின்றன. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. குறைந்த பணத்தில் வாழ எங்களுக்குத் தெரியும், அதற்குச் சம்மதித்துத்தான் வந்தோம். எங்கள் மறுப்பு பணத்தின் அளவைப் பற்றியது அல்ல. அந்தப் பணத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் விலையைப் பற்றியது.

2015 ஏப்ரல் 25 உங்களுக்கு நினைவிருக்கும். அன்று சனிக்கிழமை. நேபாளத்தில் அப்போது ஞாயிறு வேலை நாள், விடுமுறை சனிக்கிழமைதான், ஆகவே சபைகள் கூடுவதும் சனிக்கிழமை. மதியம் பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் பூமி ஆடியபோது நாடு முழுக்க விசுவாசிகள் ஆராதனையில் இருந்தார்கள். கூடிய இடத்திலேயே மாண்டவர்கள் உண்டு. நாங்கள் இருந்த மேற்கு மலையில் சேதம் குறைவு. சுவரில் விரிசல், ஒரு மாட்டுத் தொழுவம் சரிந்தது, அவ்வளவுதான். அடுத்த வாரமே ஊரிலிருந்து போன்: "இடிந்த வீட்டுப் படம் அனுப்புங்கள், காணிக்கை நிறைய வருகிறது." எங்கள் பக்கம் வீடுகள் இடியவில்லை என்றோம். "பக்கத்து மாவட்டத்துக்குப் போய் எடுத்து அனுப்ப முடியுமா?" என்று கேட்டார்கள். என் கணவர் போகவில்லை. போனவர்களின் பணித்தளங்களுக்குப் பணம் வந்தது.

அதே வருடம் செப்டம்பரில் இந்திய எல்லை அடைபட்டது. மறு வருடம் பிப்ரவரி வரை பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை, மருந்துக்கடையில் பாதி அலமாரி காலி. சிலிண்டரைப் பாதி நிரப்பித்தான் கொடுத்தார்கள், அதற்கும் மணிக்கணக்கில் வரிசை. ஐந்து மாதம் விறகில் சமைத்தேன். மகளுக்கு இரண்டு வயது, புகையில் இருமிக்கொண்டே இருப்பாள். அந்த ஐந்து மாதமும் ஒருவரும் போன் செய்து கேட்கவில்லை. எல்லை அடைப்பைப் படம் எடுத்துக் காட்ட முடியாது அல்லவா? அடுப்பு எரியாத வீடு படத்தில் சாதாரண வீடு போலத்தான் தெரியும். அப்போதுதான் படத்தின் விலை எனக்கு முதன்முதலாகப் புரிந்தது.

ஒருவரும் கேட்கவில்லை என்றேன், அது சரியல்ல. அந்த டிசம்பரில் என் அம்மா ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னச் சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து 4,300 ரூபாய் வந்தது. பிடி அரிசிக் காணிக்கை. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கொண்டுவந்து கொட்டி, அதை ஏலம் விட்டுச் சேர்த்த பணம். அந்த ஊரில் பீடி சுற்றுகிறவர்கள்தான் அதிகம். கூடவே ஒரு தாள்: "குளிர் காலமாமே, பிள்ளைகளுக்குக் கம்பளி வாங்கிக் கொடுங்கள். எங்களுக்கு எழுத வேண்டும் என்று சிரமப்பட வேண்டாம்." நான் அவர்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். எழுத வேண்டாம் என்றவர்களுக்குத்தான் எல்லாவற்றையும் எழுதத் தோன்றியது.

இப்போது, நான் ஏன் ஊர்ப்பெயரை எழுதவில்லை என்பதற்கு வருகிறேன்.

நேபாளத்தின் 2015 அரசியல் சட்டம் 26-ஆம் பிரிவில் ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158-ஆம் பிரிவு அதற்கு 5 வருடம் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து 7 நாளுக்குள் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் யாரையும் இழுத்து வருவதில்லை. ஆனால் ஒரு படமும் ஒரு பெயரும் ஒரு எண்ணும் சேர்ந்தால் அதைப் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் ஒருமுறை அது நடந்துவிட்டது.

2019 இறுதியில், எங்கள் கூடுகைக்கு வரும் ஒரு சகோதரியின் படத்தை எங்கள் ஜெபக் கடிதத்தோடு அனுப்பினேன். ஆற்றங்கரையில், ஈரத் தலையோடு, சிரித்தபடி. அதை எடுத்தது என் கை. 'ஜெபத்துக்கு மட்டும், வெளியிட வேண்டாம்' என்று எழுதியும் இருந்தேன். அது மறு வருடக் காலண்டரில் அச்சானது, அவள் பெயரோடும் ஊரோடும். தாங்குபவர் ஒருவர் அந்தக் காலண்டர் பக்கத்தைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார், அன்பினால்தான் போட்டார். மலேசியாவில் வேலை பார்க்கிற அவளுடைய கொழுந்தனுக்கு அது எப்படியோ போய்ச் சேர்ந்தது. அவளைக் கைக்குழந்தையோடு மாமியார் வீட்டிலிருந்து வெளியே அனுப்பினார்கள். உள்ளூர்ப் போதகரைக் காவல் நிலையத்தில் இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். வழக்குப் பதியவில்லை. ஆனால் அந்த வீட்டுக் கதவு அவளுக்கு இதுவரை திறக்கவில்லை.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "தீதீ (அக்கா), நீங்கள் தெரிந்தா செய்தீர்கள்?" என்றாள். அதைவிட அவள் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். இன்றும் சனிக்கிழமை காலையில் முதலில் வந்து பாய் விரிக்கிறவள் அவள்தான். 'ஜெய்மசி' என்று கைகூப்பும்போது என்னால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடிவதில்லை.

நடந்ததை அப்போதே உங்களுக்கு எழுதினோம். 'வருந்துகிறோம், ஜெபிக்கிறோம்' என்று பதில் வந்தது. அப்படி வருந்திய கமிட்டிதான் இன்று அதே படத்தையும் பெயரையும் ஊரையும் மாதந்தோறும் கேட்கிறது. தராவிட்டால் அரிசி இல்லை என்கிறது.

ஐயா, எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று உங்கள் அறிக்கைப் படிவத்தைப் பார்த்தால் தெரியாது. அதில் சந்தித்த வீடுகள், கொடுத்த கைப்பிரதிகள், நடத்திய கூட்டங்கள், ஞானஸ்நானம், ஆத்தும ஆதாயம் என்று ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. போன வருடம் கார்த்திகையில் நான் செய்த ஒரு வேலையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்கிறேன்.

இந்த மலைப் பெண்கள் பிள்ளை பெற்ற சில நாளிலேயே டோக்கோவைத் தூக்கிவிடுவார்கள். நெற்றியில் வார் மாட்டி முதுகில் சுமக்கும் பெரிய கூடை. அதில் சாணம், புல், விறகு, தண்ணீர்க்குடம். பலருக்குக் கர்ப்பப்பை இறங்கிவிடும். வெட்கத்தால் யாரிடமும் சொல்லமாட்டார்கள். பத்து வருடம், பதினைந்து வருடம் அந்த வேதனையோடே வயலில் குனிந்து நிற்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி என்னிடம் இதைச் சொல்ல ஏழு வருடம் ஆயிற்று. ஏழு வருடம் நாங்கள் ஒரே தண்ணீர்த் தாராவில் குடம் பிடித்திருக்கிறோம், அவள் மகளுக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அவள் வீட்டுத் தீண்டோ என்ற மாவுக்களியை ஒரே தட்டில் தின்றிருக்கிறோம். ஒரு சாயங்காலம் சோளம் உரித்துக்கொண்டிருக்கும்போது தலையைக் குனிந்தபடி சொன்னாள். மறுவாரம் இருவரும் தான்சேன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது நாள் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தேன். அவள் விசுவாசி அல்ல. ஆவாளா என்று எனக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பியதும் வீட்டு முற்றத்தில் நிமிர்ந்து நின்று, "இப்படி நின்று பல வருடம் ஆச்சு" என்றாள். அந்த மாத அறிக்கையில் 'சந்தித்த வீடுகள்' கட்டத்தில் என் கணவர் ஒன்று என்று எழுதினார்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டாச்சா?" என்று தமிழில் கேட்டு என்னை அழவைத்துவிட்டார், கூட வேலை செய்த தமிழர்களிடம் கற்றதாம். சில சமயம் ஆளுக்குப் பதில் சவப்பெட்டி வரும். காத்மாண்டு விமான நிலையத்தில் பெட்டியை வாங்கக் கையெழுத்துப் போட வேண்டும், தாள்களைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். என் கணவர் இதுவரை நான்கு குடும்பங்களோடு போய்வந்திருக்கிறார். பதினைந்து மணி நேரம் லாரியில் பெட்டியோடு உட்கார்ந்து வந்திருக்கிறார். நம் மாவட்டத்திலும் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் இருக்கின்றன. அது என்ன பயணம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வருடத்தில் எண்ணிக்கை வேண்டும் என்கிறீர்கள். இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்தில் கால் வைத்தது 1793 நவம்பரில். அவர் ஊழியத்தின் முதல் வங்காள விசுவாசியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28. இடையில் ஏழு வருடம். அதில் தன் மகன் பீட்டரைப் புதைத்தார், மனைவி டாரதியின் மனம் சிதைந்தது, சாப்பாட்டுக்காக அவுரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். உங்கள் சுற்றறிக்கைப்படி 1795-இலேயே அவர் மறுபரிசீலனைக்கு வந்திருப்பார்.

கேரியைவிட எனக்கு நெருக்கமானவர்கள் இருவர். என் கணவர் பணம் எடுக்கப் போகிறாரே, அந்த நவ்தன்வாவில் லில்லி ஓஹான்லன் என்ற மருத்துவரும் ஹில்டா ஸ்டீலும் ஒரு சின்ன மருந்தகம் வைத்துக்கொண்டு பல வருடம் காத்திருந்தார்கள். நேபாளம் அப்போது வெளியாருக்கு மூடிய நாடு. எல்லை தாண்டி வருகிற நோயாளிகளுக்கு மருந்து கட்டினார்கள், மொழி படித்தார்கள், மலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். 1952-இல்தான் கதவு திறந்தது; நடந்தே பொக்ராவுக்குப் போனார்கள். காத்திருந்த அந்த வருடங்களில் நேபாளத்துக்குள்ளிருந்து அவர்களால் என்ன எண்ணிக்கையை அனுப்பியிருக்க முடியும்? ஆனாலும் பின்னால் இருந்து தாங்கியவர்கள் தாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

தரங்கம்பாடிக்காரர்களுக்கு இன்னொரு பெயர் தெரியும். 1706-இல் வந்திறங்கி, தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, பள்ளி நடத்தி, ஆலயம் கட்டிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு. கோபன்ஹேகனில் இருந்த மிஷன் சங்கத்தின் செயலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்தவர் அல்ல. மிஷனரி என்றால் அப்போஸ்தலரைப்போல ஊர் ஊராக நடக்க வேண்டும், கட்டடமும் பள்ளியும் குடும்பமும் எதற்கு என்று அவர் கடுமையாக எழுதினார். ஏற்கெனவே உடல் தளர்ந்திருந்த சீகன்பால்குவை அந்தக் கடிதங்கள் நொறுக்கின. 1719 பிப்ரவரியில் இறந்தார், வயது 36. அவர் நினைவு நாளை நாம் பெரிதாகக் கொண்டாடுகிறோம். அவருக்கு வந்த கடிதங்களையும் நாம் வாசிக்க வேண்டும்.

அந்தந்தக் குடும்பமே தாங்குபவரைத் தேடட்டும் என்ற யோசனை உங்களுக்கு எளிதாகத் தோன்றியிருக்கலாம். அது எப்படி நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். போன முறை விடுமுறையில் வந்தபோது 40 நாளில் 23 சபைகளில் சாட்சி சொன்னோம். பிள்ளைகளோடு இருக்க வந்த விடுமுறை அது. மகள் ஒரு கோவில் பெஞ்சிலிருந்து அடுத்த கோவில் பெஞ்சுக்குப் போய்த் தூங்கினாள். நகரத்துச் சபையில் அருமையாகப் பேசத் தெரிந்த மிஷனரிக்குக் கவர் கனமாக இருக்கும். என் கணவருக்கு மேடை வராது. நேபாளியில் பேசுவதுபோல அவருக்குத் தமிழில் இப்போது பேச வருவதும் இல்லை. ஒரு பெரியவர் கூட்டம் முடிந்ததும் கேட்டார், "தம்பி எந்த ஊரு? யாரு வீட்டு ஆளு?" கேட்டது எதற்கு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. நம் ஜனங்களுக்குள் காணிக்கை சாதி பார்த்து நகர்கிறது என்பதை எழுதக் கூசுகிறது, ஆனால் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். பொது நிதி இருக்கும்வரை அந்தக் கேள்வி மிஷனரியின் தட்டில் கைவைக்க முடியாமல் இருந்தது. அதைத் திறந்துவிடுகிறீர்கள். நேபாளத்தின் தூர மேற்கில் இருக்கிற ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். வசதியான சொந்தம் இல்லை, நகரத்துச் சபை இல்லை, பேச்சும் குறைவு. மிகக் கடினமான இடத்தில் இருப்பவர்கள் அவர்கள். ஏப்ரலில் முதலில் அடுப்பு அணையப்போவது அவர்கள் வீட்டில்தான்.

1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்று உறுதி எடுத்தார்கள். நம் மிஷன் அதற்கு எத்தனையோ வருடம் கழித்து, அந்தப் பாதையைப் பார்த்துத் தொடங்கியது. அவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டுத் திருச்சபைகளைப் பார்த்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களோடு சமமாக உட்காரும் அன்பைக் கேட்கிறோம் என்பது அவர் சொன்னதன் பொருள். இன்று கொடுக்கிற இடத்தில் நாம் இருக்கிறோம், வாங்குகிற இடத்தில் இந்த மலை ஜனங்கள் இருக்கிறார்கள். யாரும் தன் சிநேகிதியின் ஈரத் தலைப் படத்தைக் காட்டிப் பணம் வாங்கமாட்டார்கள்.

என் மகனைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் பத்து வயதில் விடுதிக்குப் போனான். 2020 மார்ச்சில் எல்லை மூடியபோது விடுதியும் மூடியது, என் அம்மா வீட்டில் இருந்தான். அதன்பின் அவனை நேரில் பார்க்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பார்த்தபோது குரல் உடைந்திருந்தது; பின்னாலிருந்து அவன் "அம்மா" என்று கூப்பிட்டபோது யாரோ என்று திரும்பினேன். இதை நாங்கள் கொடுத்துவிட்டோம், கணக்கில் எழுதச் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு கொடுத்த பிறகு இந்த ஜனங்களின் நம்பிக்கையையும் கொண்டுவந்து மேசைமேல் வை என்று கேட்டால், அதற்கு மட்டும் எங்களிடமிருந்து 'முடியாது' என்ற பதில்தான் வரும்.

ஆகவே கேட்கிறேன்.

ஜனவரிச் சுற்றறிக்கையை ஏப்ரலுக்கு முன் நிறுத்திவையுங்கள். மிஷனரியின் சாப்பாடும் வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் முழுவதும் பொது நிதியிலிருந்தே வரட்டும், எந்தச் சாதி, எந்த ஊர், எவ்வளவு பேசத் தெரியும் என்ற வித்தியாசம் இல்லாமல். பணம் குறைந்திருந்தால் வரவு செலவை எல்லாச் சபைகளுக்கும் திறந்து காட்டுங்கள். கன்வென்ஷன் பந்தலுக்கும் வெள்ளிவிழா மலருக்கும் வருடக் காலண்டருக்கும் எவ்வளவு போகிறது என்பதும் அதில் இருக்கட்டும். அப்படியும் குறைக்க வேண்டியிருந்தால் எல்லாருக்கும் ஒரே அளவில் குறையுங்கள், அலுவலகத்துக்கும் சேர்த்து. நாங்கள் மறுக்கமாட்டோம்.

பணித்தளத்திலிருக்கிற எந்த விசுவாசியின் முகமும் பெயரும் ஊரும் இனி அச்சிலோ வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ வரக்கூடாது என்று தீர்மானம் போடுங்கள். ஏற்கெனவே வெளியிட்டவற்றை எடுத்துவிடுங்கள். 2020 காலண்டரின் அந்தப் பக்கம் இன்றும் நம் மிஷனின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரமும் பார்த்தேன். அதை இந்த வாரமே எடுங்கள். வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட அந்தச் சகோதரிக்கு நம் மிஷன் எழுத்தில் மன்னிப்புக் கேட்கட்டும். நேபாளியில் நான் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். அவள் வாடகையையும் குழந்தையின் பள்ளிச் செலவையும் நம் மிஷன் ஏற்க வேண்டும். காணிக்கையாக அல்ல, நாம் அவளுக்குப் பட்ட கடனாக.

இரண்டு வருட விதியை நீக்குங்கள். அறிக்கைப் படிவத்தையும் மாற்றுங்கள். மாற்றும்போது பணித்தளத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், அதில் ஒருவராவது மிஷனரியின் மனைவியாக இருக்கட்டும். இத்தனை வருடமும் வேலைக்கு எங்களையும் சேர்த்து எண்ணினீர்கள், கமிட்டிக்கு ஒருமுறையும் எண்ணவில்லை.

உங்களில் மூன்று பேராவது இந்த வருடத்துக்குள் இங்கே வாருங்கள். விமானத்தில் வேண்டாம். சென்னையில் ரயில் ஏறுங்கள், சோனவ்லியில் நடந்து எல்லை தாண்டுங்கள். எங்கள் வீட்டில் இடமிருக்கிறது. கேமரா கொண்டுவர வேண்டாம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த மடலை முழுவதுமாக வாசித்து, மார்ச் முடிவதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பதிலை என் கணவருக்கு அல்ல, எனக்கே எழுதுங்கள்.

நேபாளத்திலிருந்து,
உங்கள் மிஷனரிகளில் ஒருத்தி